ஒப்பு நட்சத்திரம்

அந்த ஷட்டரை இறக்க வேண்டாம் சார். குளிர்தான், எனக்கும் தெரிகிறது. இந்தாருங்கள், என் சால்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள். இல்லை இல்லை, எனக்கு இது பழக்கம். இந்தப் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்தே இருக்கட்டும். கண்டக்டரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது வெளியே இருட்டு. செக்போஸ்ட் வளைவு தாண்டியதும் சூரியன் இந்தப் பக்கத்துக்கு வரும். அதுவரைக்கும் பேசிக்கொண்டு போகலாம்.

நீங்கள் மாட்டு டாக்டர் என்று கண்டக்டர்தான் சொன்னார். பின்னால் சீட் காலியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் பக்கத்தில் வந்து நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். தப்பாக நினைக்கக்கூடாது. மாட்டின் கண் இமையை இழுத்துப் பார்த்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவீர்களாமே. அது எப்படி... இருக்கட்டும். அதை அப்புறம் கேட்கிறேன்.

முன்னால் லேடீஸ் சீட்டில், ஜன்னலோரம், பச்சைப் புடவை. பச்சை என்று எனக்குத் தெரியும். இந்த வெளிச்சத்தில் உங்களுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். டிரைவர் சாமி படத்துக்கு மேலே அந்தச் சின்ன சிவப்பு பல்பை மட்டும்தான் போட்டிருக்கிறார். அவள் என் மனைவி, தையல்நாயகி. வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், பெரிய ஆஸ்பத்திரிக்கு. பெரிதாக ஒன்றும் இருக்காது. வெயில் சூடு. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் என்றால், நான்தான் சொல்கிறேன்.

அவள் பக்கத்தில் கீரைக்கூடையோடு ஒரு அம்மாள் இருக்கிறாள் பாருங்கள். யார் என்று தெரியாது. வழியில் ஏறினாள். ஏறினது நல்லதாகப் போயிற்று. தையல் தனியாக உட்கார்ந்திருந்தால் கஷ்டம். ஏன் என்று சொல்கிறேன்.

மலைமேல் வெள்ளையாக ஒரு கூண்டு தெரியுமே, டெலஸ்கோப் வைத்திருக்கிறார்களே, அங்கேதான் எனக்கு வேலை. ஜாதகம் பார்ப்பீர்களா என்று நீங்கள் கேட்கவில்லை. அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்த பஸ்ஸில் என்னிடம் அதைக் கேட்காத ஆள் நீங்கள்தான்.

நாங்கள் நட்சத்திரங்களுக்கு அட்டவணை போடுகிறோம். எது எவ்வளவு பிரகாசம், எது என்ன நிறம். அவ்வளவுதான். டெலஸ்கோப்பை ஒரு நட்சத்திரத்துக்குத் திருப்புவோம். அதன் வெளிச்சம் சின்ன ஓட்டை வழியாக உள்ளே வரும். முதலில் நீலக் கண்ணாடியைக் குறுக்கே வைத்து எவ்வளவு வருகிறது என்று மெஷினில் பார்ப்போம். பிறகு மஞ்சள் கண்ணாடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிறம். நீலத்தில் நிறைய வந்தால் சூடான நட்சத்திரம். நீலம் குறையக் குறைய மஞ்சள், அப்புறம் சிவப்பு. கண்ணால் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது சார். கண்ணை நம்பக்கூடாது. இந்த வேலையில் முதலில் கற்றுக்கொள்வது அதுதான்.

அடுத்ததாகக் கற்றுக்கொள்வது, எதையும் தனியாக அளக்கக்கூடாது. நேற்று இருந்த காற்று இன்று இருக்காது. தூசி, ஈரம், அடிவாரத்தில் கரும்புச் சோகை கொளுத்துகிற புகை, எல்லாம் வெளிச்சத்தைத் தின்னும். அதனால் பக்கத்திலேயே மாறாத நட்சத்திரம் ஒன்றை வைத்துக்கொள்வோம். அதை ஒப்பு என்போம். முதலில் ஒப்பு. பிறகு அளக்க வேண்டியது. பிறகு மறுபடியும் ஒப்பு. மறுபடியும் அதைப் பார்த்தால்தான் நடுவில் மெல்லிசாக மேகம் வந்து ஏமாற்றவில்லை என்று தெரியும். அந்த முறையை நான் என்றைக்கும் விட்டதில்லை. பெங்களூரில் எங்கள் தலைவர் சுப்பாராவ் சார், யாரையும் லேசில் பாராட்ட மாட்டார், அவரே சொல்வார், நடேசன் எடுத்த ரீடிங் என்றால் திரும்பப் பார்க்க வேண்டாம் என்று.

சால்வை உங்களிடமே இருக்கட்டும்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இருட்டில் வேலை செய்கிறவனுக்குக் கண் இருட்டுக்குப் பழக வேண்டும். வெள்ளை வெளிச்சம் ஒரு தடவை பட்டால் போச்சு, மறுபடி பழக அரை மணி ஆகும். சிவப்பு வெளிச்சம் மட்டும் கண்ணைக் கெடுக்காது. அதனால் டெலஸ்கோப் இருக்கிற இடத்தில் சிவப்பு பல்புதான் போடுவார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே கண் கெட்டுப்போகிறதே என்று நான் வீட்டிலும் அதையே போட்டேன். சமையலறை, கூடம், எல்லா இடத்திலும். மற்ற குவார்ட்டர்ஸில் யாரும் அப்படிச் செய்யவில்லை. வேலையில் அக்கறை வேண்டுமே. பகலில் நான் தூங்குவதால் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி.

தையலுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. "போட்டோ கழுவுற ரூம்ல குடும்பம் நடத்துறோம்" என்று சீர்காழியில் இருக்கிற அவள் அக்காவுக்கு எழுதினாள். ஒரு நாள் சாம்பார் நீர்த்துவிட்டது என்று அரிசி மாவைக் கரைத்து ஊற்றினாள். வாயில் வைக்க முடியவில்லை, அத்தனை கசப்பு. பார்த்தால் அரிசி மாவு இல்லை, மஞ்சள் தூள். அவள்மேல் தப்பில்லை. சிவப்பு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். மஞ்சள் என்பது என்ன, நீலம் குறைந்துபோவது. நீலமே இல்லாத வெளிச்சத்தில் நீலம் குறைந்தது எப்படித் தெரியும்? தட்டை வைத்துக்கொண்டு அவளுக்கு இதை விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு டப்பாவை முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் நிறையச் சிரித்தோம்.

பிடித்துக்கொள்ளுங்கள், வளைவு. இது செக்போஸ்ட் இல்லை, அதற்கு முந்தினது.

இந்த வருஷம் அட்டவணையை முடித்தாக வேண்டும் என்று சுப்பாராவ் சார் சொல்லிவிட்டார். தை மாதம் வானம் நன்றாகத் திறந்தது. நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நாளிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. நாங்கள் அளக்கிற வானப் பகுதியில் உள்ள நட்சத்திரங்கள் எல்லாமே போன வருஷத்தைவிடக் கொஞ்சம் பிரகாசமாக இருந்தன. நீலத்தில் இன்னும் கூடுதல். ஒன்று இரண்டு அப்படி ஆகலாம். எல்லாம் சேர்ந்து ஒரே அளவுக்கு ஆகுமா? கண்ணாடியைத் துடைத்தேன். ஒயரை மாற்றினேன். மெஷினைக் கழற்றி மாட்டினேன். அப்படியேதான் இருந்தது. ஒரு நாள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது புரிந்துவிட்டது. மற்றவை ஏறவில்லை. ஒப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது.

மங்கிக்கொண்டு வருகிறது. நீலம் போய்க்கொண்டிருக்கிறது. எத்தனையோ நாளாக.

ராத்திரியில் வேறு எதையும்விட அதைத்தான் அதிகம் பார்க்கிறோம். திரும்பத் திரும்ப அதற்குத்தான் வருகிறோம். ஆனால் அதை யாரும் அளப்பதில்லை. அதை வைத்து மற்றதை அளப்போம். அது அதன் பாட்டுக்கு அங்கே இருக்கும் என்று ஒரு எண்ணம். இப்போது இத்தனை வருஷத்து வேலையும் சந்தேகத்துக்கு வந்துவிட்டது. சுப்பாராவ் சாருக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. எனக்கு இந்த மூன்று மாதமாகத் தூக்கம் இல்லையென்றால் அதற்குக் காரணம் இதுதான். வேறு ஒன்றும் இல்லை.

தையலிடம் மட்டும் சொன்னேன். சாப்பிடும்போது. அவள் தனக்கு ஒன்றும் போட்டுக்கொள்ளாமல் எதிரில் உட்கார்ந்து முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். ஒப்பு மாறிவிட்டது, இப்படிச் செய்யும் என்று நினைக்கவேயில்லை என்றேன். "அது என்னங்க பண்ணும் பாவம்" என்றாள். "நீங்க பாக்கலேன்னா அது அப்படியே இருந்துடுமா?"

அவள் அப்படித்தான் ஏதாவது சொல்வாள். 

அவளை நான் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொறிந்ததைக் கவனித்தேன். கொசு என்று நினைத்து டார்ட்டாய்ஸ் சுருள் ஒரு பெட்டி வாங்கிவந்தேன். ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடித்து ஊசி குத்தியிருந்தாள். அதையும் கவனித்தேன், நூல் பிரிந்திருக்கும் போல என்று. குழம்பு கொதிக்கிற வாசனையே குமட்டுகிறது என்றாள். எந்நேரமும் டப்பாவை முகர்ந்து பார்த்தால் அப்படித்தான் ஆகும் என்று கேலி செய்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது சார். நீங்களே சொல்லுங்கள், இதில் ஒன்றையாவது தனியாக எடுத்து இதுதான் என்று சொல்ல முடியுமா?

மாசி மாதம் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் புது மெக்கானிக் வந்தார். அவர் மனைவி அலிமா பீ. இரண்டு பேரும் பகலில் குழாயடியில் பேசிக்கொள்வார்கள் போல. எனக்கு அந்த அம்மாளைத் தெரியாது. ஒரு சாயங்காலம், நான் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருக்கிறேன், வந்து வாசலுக்கு வெளியே நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, "ஐயா, அம்மாவுக்குக் கண்ணு மஞ்சளா கெடக்குதே, எத்தினி நாளா?" என்றாள்.

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. முதலில் கோபம்தான். நிறத்தை அளப்பது என் தொழில். மஞ்சள் என்று பொதுவாகச் சொல்லக்கூடாது, எந்த அளவு மஞ்சள், எதைவிட மஞ்சள் என்று சொல்ல வேண்டும் என்றேன். பயத்தில் அப்படிப் பேசினேனோ என்னவோ. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாமந்திப் பூ பாத்திருக்கீங்களா ஐயா? அந்த மஞ்சள்" என்றாள். போய்விட்டாள்.

உடனே உள்ளே போனேன். உடனே போனேன் சார், தாமதிக்கவில்லை. தையலைக் கூடத்து பல்புக்குக் கீழே நிற்கவைத்து, முகத்தை நிமிர்த்தி, இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை. அப்பழுக்கு இல்லாத வெள்ளை. வெள்ளையாகத்தானே இருக்கிறது, அந்த அம்மாளுக்கு என்ன தெரியும் என்றேன். தையல் என் கையிலிருந்து முகத்தை விடுவித்துக்கொண்டாள். பிறகு, "சரி, அப்ப வெள்ளைதான்" என்றாள். இட்லி எடுத்து வைத்தாள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

டெலஸ்கோப்புக்கு ஏறுகிற ஏணியில் பாதி ஏறினபோது சாம்பார் ஞாபகம் வந்தது.

அப்படியே நின்றுவிட்டேன். கீழேயும் போகவில்லை, மேலேயும் போகவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வீட்டுக்கு ஓடிப்போய் டார்ச்சில் சுற்றியிருக்கிற சிவப்புக் காகிதத்தைக் கிழித்துவிட்டு அவள் முகத்தில் அடித்துப் பார்க்கலாம். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அன்றைக்கு அமாவாசை. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒப்பு கிழக்கே ஏறிக்கொண்டிருந்தது. நான் மேலே போனேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம், பல்வலி, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, எதுவானாலும் பௌர்ணமிக்குத் தள்ளிவைப்போம். நிலா வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்களை அளக்க முடியாது, அதனால் அப்போதுதான் எங்களுக்கு ஓய்வு. மறுநாள் தையலிடம் சொன்னேன், பௌர்ணமிக்கு வேலூர் போய்க் காட்டிவிட்டு வரலாம் என்று. "உங்க வேலைய முடிச்சுக்குங்க" என்றாள். அவளே சொன்னாள் சார். நான் கட்டாயப்படுத்தவில்லை.

நடுவில் பார்க்கவேயில்லையா என்று நினைப்பீர்கள். ஒரு நாள் பகலில் எழுந்தேன். நல்ல உச்சி வெயில். கொல்லைக்கதவு திறந்திருந்தது. தையல் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று துணி பிழிந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் பிழிவாள், கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், மறுபடி பிழிவாள். நான் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை. அப்போது எனக்குத் தோன்றியது, ஒரே ஒரு ரீடிங்கை வைத்து ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. பக்கத்தில் ஒப்பிட ஒருவரும் இல்லை. தினமும் வெளிச்சத்தையே பார்க்காத கண் எனக்கு, அந்த வெயிலில் கூசி எல்லாம் மஞ்சளாகத்தான் தெரியும். அது நியாயம்தானே? திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். துணி சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடி கொல்லைப்பக்கம்தான் மாட்டியிருக்கிறது. பகலில் அவள் தலை சீவுவது அங்கேதான். ஏதாவது இருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள். சொல்லவில்லை. அதனால் ஒன்றும் இருக்காது. நான் இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். இந்தக் கணக்கில் தப்பு இல்லை.

நேற்று அலிமா பீ மறுபடி வந்தாள். என்னிடம் பேசவில்லை. நேராக உள்ளே போய்த் தையலுக்குத் தலை பின்னிவிட்டாள். கையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறதாம். போகும்போது என்னைத் தாண்டித்தான் போனாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

இன்று விடியும் முன்பே கிளம்பிவிட்டோம். டார்ச்சில் அந்தச் சிவப்புக் காகிதம் அப்படியேதான் இருந்தது. இன்றைக்கு நிலா, யாரும் வேலை செய்யவில்லை, எடுத்திருக்கலாம். கை வரவில்லை. தையல் முந்தானையைத் தலையைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பஸ் ஸ்டாப்பில் நிலா நன்றாக அடித்தது. நிலா வெளிச்சத்திலும் நிறம் தெரியாது சார், கண்ணுக்கு அவ்வளவு போதாது. சாம்பல் மாதிரி இருந்தாள். எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. "சூரியன் எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டாள். இடது பக்கம் என்றேன். நான் வலது பக்கத்தில் உட்காரச் சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. அவளே போய் இடது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அது செக்போஸ்ட் விளக்கு. கம்பைத் தூக்கிவிட்டார்கள். அந்தப் பக்கம் நிலா இறங்கிவிட்டது பாருங்கள். இனி ஒரே ஒரு வளைவு.

இப்போது கேட்கிறேன் சார். நீங்கள் அவளை முன்னே பின்னே பார்த்ததில்லை. உங்களுக்கு அவள்மேல் ஆசையும் இல்லை, பயமும் இல்லை. கண்ணைப் பார்த்துச் சொல்லப் பழகினவர். உங்களைப் போல ஒருவர் கிடைப்பது கஷ்டம். நான் பார்க்கமாட்டேன். என்னால் முடியாது. வேலூர் போனதும் டாக்டர் சொல்வார், தெரியும். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் சொல்லும்போது என்னால் அங்கே நிற்க முடியாது.

முறைப்படி பாருங்கள், அவசரப்பட வேண்டாம். முதலில் அந்தக் கீரைக்கூடை அம்மாளைப் பாருங்கள். அவள்மேலும் அதே வெயில்தான் விழும். அவள் கண்ணின் வெள்ளையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தையலைப் பாருங்கள். பிறகு மறுபடியும் அந்த அம்மாளை. அவ்வளவுதான். அதிகமா, கொஞ்சமா, அதை மட்டும் சொன்னால் போதும்.

டிரைவர் பல்பை அணைத்துவிட்டார். வெளிச்சம் வந்துவிட்டது, இல்லையா? என் கையில் வெயில் படுகிறது. நான் கண்ணை மூடவில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தையல் இந்தப் பக்கம் திரும்புகிறாளா? முந்தானையை எடுத்துவிட்டாளா? சரி. அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது, நாம் பேசுவது. 

முதலில் அந்த அம்மாள். பார்த்தாச்சா? நல்லது. இப்போது தையல்.

போதும். இப்போது மறுபடி அந்த அம்மாளைப் பாருங்கள்.

சார், மறுபடி அந்த அம்மாளைப் பார்க்கச் சொன்னேன்.